கங்காணி வேஷம்

கொட்டாஞ்சேனை, கொழும்பு
10.2.1963

அன்புள்ள அண்ணனுக்கு,

கந்தப்பன் எழுதுவது. அண்ணியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் ஒரு நிலையில் இல்லை.

பொங்கலுக்கு நான் தோட்டத்துக்கு வராதது உங்களுக்குக் கோபம் என்று தெரியும். வேண்டுமென்று வராமல் இருக்கவில்லை. ஸ்டூடியோவிலிருந்து எந்த நேரமும் ஆள் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அச்சகத்தில் லீவு கேட்டுக்கொண்டு ஐந்து நாள் அறையிலேயே இருந்தேன். ஒருவரும் வரவில்லை. பிறகு விசாரித்தால், கேமராக்காரருக்குக் காய்ச்சல் என்றார்கள். இந்தத் தொழிலில் நடிப்பது கொஞ்சம், காத்துக்கிடப்பதுதான் அதிகம்.

கொழும்புக்கு வந்த ஆறு வருஷத்தில் மேடையில் ராஜாவாக நடித்தேன், டாக்டராக நடித்தேன், கண் தெரியாத கிழவனாக நடித்து ஜனங்களை அழவைத்தேன். சினிமாவில் முதல் வேஷம் பிணம். பாயில் படுத்து மூச்சை அடக்க வேண்டும். அடுத்தது போலீஸ்காரன். "ஐயா உங்களைக் கூப்பிடுகிறார்" என்று ஒரே ஒரு வசனம். படம் வந்தபோது அதையும் வெட்டியிருந்தார்கள்.

இப்போதுதான் பெயர் சொல்லும்படி ஒன்று கிடைத்திருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக் கதை. எனக்குக் கங்காணி வேஷம், நீங்கள் பார்க்கிற அதே வேலை. டைரக்டர் மலைநாட்டுப் பக்கம் ரயிலில் போனதோடு சரி. ஸ்டூடியோ வளவில் வேலிச்செடிகளை இடுப்பளவுக்கு வெட்டி நட்டுவிட்டு இதுதான் தேயிலை மலை என்கிறார். கதாநாயகி கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். கூடைக் கயிற்றைத் தலையில் எப்படிப் போடுவது என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன். நெற்றியில் உறுத்துகிறதாம். கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு, சந்தைக்குப் போகிறவர் மாதிரி நிற்கிறார்.

ஒரு உதவி. உங்களுடைய பழைய கறுப்புக் கோட்டும் கையில் வைத்திருக்கும் கம்பும் வேண்டும். இவர்கள் கொடுத்த கோட்டு கல்யாண மாப்பிள்ளை போடுகிற மாதிரிப் பளபளக்கிறது. பஜார் இக்ராம் நானாவின் லொறி கொழும்புக்கு வரும்போது கொடுத்துவிட்டால் போதும்.

தம்பி,
கந்தப்பன்


கல்லாத்துத் தோட்டம், பொகவந்தலாவை
3.3.1963

தம்பி கந்தப்பனுக்கு அண்ணன் வீரய்யா எழுதிக்கொள்வது.

கோட்டையும் கம்பையும் இக்ராமிடம் கொடுத்தாயிற்று. கோட்டின் இடது பையில் ஓட்டை. தைத்து அனுப்பலாம் என்றாள் உன் அண்ணி. இருக்கட்டும், கிழிந்திருந்தால்தான் தோட்டத்துக் கோட்டு மாதிரி இருக்கும் என்றேன். கம்பு கொய்யா மரத்தில் வெட்டியது. உடைத்துவிடாதே. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

பொங்கலுக்கு நீ வராததை நான் கேட்கவில்லை. உன் அண்ணிதான் உனக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அப்பா செத்த பிறகு உன்னைக் கொட்டகலைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன், தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக வருவாய் என்று. நீ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து மலையில் மண்வெட்டி பிடித்தாய், காமன் கூத்தில் சேலை கட்டி ஆடினாய். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. கொழும்புக்குப் போகிறேன் என்றாய். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இதை நீ ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

கங்காணி வேஷம் என்றால் கெட்டவன் வேஷமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். ஆனால் உன் டைரக்டருக்கு ஒன்று சொல். கங்காணி ராஜா இல்லை. மேலே கணக்குக் கேட்கிற கண்டாக்கையா, அதற்கு மேலே தோட்டத்தை நடத்துகிற தொரை. கீழே நாற்பது பொம்பளைகள். கொழுந்து குறைந்தால் மேலிருந்து ஏச்சு, விரட்டி வாங்கினால் கீழிருந்து சாபம். காலையில் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும்போது தொரை பின்னால் நிற்கிறாரா என்று இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். இருபது வருஷமாகிறது.

நீ ஒரு நடை வந்திருந்தால் எப்படி நடப்பது, எப்படி ஆட்களைக் கூப்பிடுவது என்று நானே காட்டியிருப்பேன். வரத்தான் உனக்கு நேரமில்லை.

வீரய்யா


கொட்டாஞ்சேனை
18.6.1963

அன்புள்ள அண்ணனுக்கு,

கோட்டு எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. அதைப் போட்டதும் என் நடையே மாறிவிட்டது என்று மேக்கப்காரர் சொன்னார்.

முக்கியமான காட்சி போன வாரம் முடிந்தது. பெரட்டுக் களத்தில் கங்காணி ஒரு பெண்ணை அடிக்கிற காட்சி. அதற்கு நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? டைரக்டருக்கு மதராஸ் படத்து வில்லன் வேண்டும். மீசையை முறுக்க வேண்டும், உரக்கச் சிரிக்க வேண்டும், பிறகு அடிக்க வேண்டும். வசனமோ, "அடி பேதைப் பெண்ணே, தாமதித்து வர உனக்கு என்ன துணிச்சல்" என்று இருக்கிறது. எந்தப் பெரட்டில் எந்தக் கங்காணி இப்படிப் பேசினான்? "ஏம்மா, இதான் வர்ற நேரமா?" என்று கேட்டால் போதும் என்றேன். அது வசனமே இல்லை என்றார். கதாநாயகன் ஓடி வந்து கம்பைப் பிடித்து முறிப்பதுபோல வைத்திருந்தார்கள். அதுவும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அது இல்லாமல் படமே இல்லை என்று முடித்துவிட்டார். கம்பு மட்டும் ஸ்டூடியோவில் செய்தது, உங்களுடையது பத்திரமாக இருக்கிறது.

மேடையில் கடைசி வரிசைக்காரனுக்கும் தெரியும்படி கையை வீசிப் பழகியவன் நான். கேமராவுக்கு முன்னால் அது கேலிக்கூத்து. புருவத்தைத் தூக்கினாலே அதிகம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று படம் பிடித்தது. டைரக்டருக்கு இன்னும் புரியவில்லை. கடைசியில், "ஒரு தடவை என் இஷ்டத்துக்குச் செய்கிறேன், பிடிக்காவிட்டால் உங்கள் இஷ்டம்" என்றேன். செய்தேன். கட் சொல்லவே மறந்துபோய் நின்றார். ஒரே தடவையில் முடிந்தது. லைட் தூக்குகிற சிங்கள ஆள் வந்து என் கையைப் பிடித்து, "ஹொந்தாய்", நல்லாயிருக்கு என்றான். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அதுதான்.

எப்படிச் செய்தேன் என்று எழுத வரவில்லை. படம் அட்டனுக்கு வரும்போது நான் ஊருக்கு வருகிறேன், நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். அதற்கு முன்னால் நீங்கள் கூட்டத்தோடு போக வேண்டாம். ஏன் என்று நேரில் சொல்கிறேன்.

கந்தப்பன்


கல்லாத்துத் தோட்டம்
26.11.1963

கந்தப்பனுக்கு,

நீ வரவில்லை. படம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு இக்ராம் இரண்டு லொறி பிடித்தான். தோட்டமே போனது. நான் வரவில்லை என்றேன். தம்பி நடித்த படத்துக்கு அண்ணன் போகாவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றாள் உன் அண்ணி. புது வேட்டி கட்டிக்கொண்டு போனேன். எனக்கும் அவளுக்கும் கண்டாக்கையா பக்கத்தில் நாற்காலி. என் மலையில் கொழுந்து பறிக்கிற பொம்பளைகள் எல்லாம் முன்னால் பெஞ்சில்.

திரையில் நீ வந்தவுடன் கண்டாக்கையாவிடம், "கோட்டு என்னுதுங்க" என்று சொன்னேன். சொல்லி நான் வாய் மூடவில்லை. நீ பெரட்டுக் களத்தில் வலது காலை இழுத்து நடந்தாய். இரண்டு தரம் இருமினாய். கம்பை இடது கைக்கு மாற்றினாய். வலது உள்ளங்கையைக் கோட்டில் மெதுவாகத் துடைத்தாய். மறுபடி கம்பை வாங்கினாய். பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ஏய், நம்ம கங்காணிடி" என்றாள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பிறகு நீ அந்தப் பெண்ணைத் தோளில் அடித்தாய். சிரிப்பு நின்றுபோனது. அப்போது ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழகம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே போனது தெரிந்தது. உன் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

அழகம்மாவை நான் அடித்தது பதினொரு வருஷத்துக்கு முந்தி. அவள் இப்போதும் என் மலையில்தான் பறிக்கிறாள். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. தோட்டம் மறந்துவிட்டது என்று இருந்தேன். நீ மறக்கவில்லை. என்னிடமே கோட்டை வாங்கி, என்னிடமே கம்பை வாங்கி, என்னையே ஊருக்கு முன்னால் நிறுத்திவிட்டாய்.

மறுநாள் பெரட்டில் ஒரு குட்டி தன் கையை இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் துடைத்துக் காட்டினாள். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் சத்தம் போட்டால், இனிக் கை துடைப்பார் பாரு என்கிறார்கள். இருபது வருஷம் இந்த மலையில் எனக்கு இருந்த மரியாதை மூன்று மணி நேரத்தில் போய்விட்டது. உனக்கு அண்ணன் கண்ணில் பட்டதே இல்லையா? கங்காணிதான் பட்டானா?

பதில் எழுத வேண்டாம்.

வீரய்யா


கொட்டாஞ்சேனை
8.12.1963

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை. படம் அட்டனுக்கு வந்தது தெரிந்தும் உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து வராமல் இருந்துவிட்டேன்.

வேண்டுமென்று உங்களை அவமானப்படுத்தினேன் என்று நினைக்காதீர்கள். நடிகனிடம் வேறு என்ன இருக்கிறது? தச்சனுக்குப் பலகை மாதிரி எனக்கு நான் பார்த்த மனுஷர்கள். டாக்டராக நடித்தபோது நம் தோட்டத்து மருந்துக்கார ஐயாவின் நடையை எடுத்தேன். கண் தெரியாத கிழவன் சாகிற காட்சியில், நம் அப்பா கடைசியாக மூச்சு இழுத்தாரே, அதை எடுத்தேன். ஜனங்கள் கை தட்டினார்கள். அறைக்கு வந்து அழுதேன். மறுநாள் அதே மூச்சை மறுபடி இழுத்தேன். இந்தத் தொழில் இப்படித்தான். சுத்தமான தொழில் என்று நான் சொல்லவில்லை.

கங்காணி என்றதும் என் கண்ணுக்கு முன்னால் வந்தது நீங்கள்தான். மீசை முறுக்கிச் சிரிக்கிற பொம்மையைச் செய்யச் சொன்னார்கள். பொம்மையைக் காட்டினால் எந்தக் கங்காணிக்கும் உறைக்காது. உண்மையைக் காட்ட ஆசைப்பட்டேன். என்னிடம் இருந்த உண்மை அது ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரியாதை போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் போக்கியது நானா? நான் அடிக்கவில்லை, அண்ணே. அன்றைக்கு அழகம்மா அக்கா ஐந்து மாதம். நீங்கள் அடித்தீர்கள். நான் பார்த்தேன். பார்த்ததைப் பதினொரு வருஷம் கழித்துச் சொன்னேன்.

இந்த நாலு வரியையும் கோடு போட்டு அடிக்கப் பேனாவை எடுத்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

கந்தப்பன்


கொட்டாஞ்சேனை
2.3.1964

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று மாதமாகிறது. போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். எழுதியது பொய் இல்லை, எழுதிய விதம் சரியில்லை.

கொட்டகைகளிலிருந்து படத்தை எப்போதோ தூக்கிவிட்டார்கள். மதராசிலிருந்து பெரிய நடிகர்களின் படம் வந்து இறங்கினால் எங்கள் படத்துக்குக் கொட்டகை கிடையாது. கொழும்பில் ஒன்பது நாள் ஓடியது. அதற்கா இத்தனை பாடு என்று இருக்கிறது. ஒரு பத்திரிகையில் என் பெயரைப் போட்டு, 'கொடுமையை நிதானமாகக் காட்டிய நடிகர்' என்று எழுதினார்கள். அந்தத் துண்டை வெட்டி வைத்திருக்கிறேன். யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று பேர் கூப்பிட்டார்கள். மூன்றும் கங்காணி. ஒன்றில் சந்தை ரவுடி என்றார்கள், போய்ப் பார்த்தால் அவனும் கோட்டுப் போட்டுக் கம்பு வைத்திருக்கிறான். "அந்தக் கை துடைக்கிற ஸ்டைல் கட்டாயம் வேணும்" என்கிறார் டைரக்டர். அழவைக்க முடியும், சிரிக்கவைக்க முடியும், ஒரு நல்ல மனுஷனாகவும் நடிக்க முடியும் என்றேன். "அதுக்கெல்லாம் ஆள் இருக்கு" என்றார்.

சரி என்று போனேன். கையைத் துடைத்தேன். செத்த வேலை, அண்ணே. முதல் தடவை இருந்தது இப்போது அதில் இல்லை. துணியில் கையைத் தேய்க்கிறேன், அவ்வளவுதான். டைரக்டர் பிரமாதம் என்கிறார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

உங்களைப் பெண்கள் கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து எடுத்து, தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள் என்று இக்ராம் நானா சொன்னார். என்னாலா? ஒரு வரி எழுதுங்கள். ஏசியாவது எழுதுங்கள்.

கந்தப்பன்


கல்லாத்துத் தோட்டம்
12.4.1964

தம்பி கந்தப்பனுக்கு,

ஸ்டோருக்கு என்னை யாரும் மாற்றவில்லை. நானே தொரையிடம் கேட்டுக்கொண்டு போனேன். கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. கூலி குறைவு. பேர் கூப்பிட வேண்டியதில்லை, யாரையும் விரட்ட வேண்டியதில்லை. கொழுந்து சிரிக்காது.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நிதானம் என்று பத்திரிகையில் போட்டதாக எழுதியிருக்கிறாய். அங்கேதான் நீ தப்புப் பண்ணினாய். அன்றைக்குத் தொரை எனக்குப் பின்னால் நின்றார். முதல் நாள் கொழுந்து குறைந்ததற்கு என்னை ஆட்களுக்கு முன்னால் ஏசியிருந்தார். அழகம்மா லேட்டாக வந்தாள். அடிக்கச் சொல்லவில்லை அவர். நின்று பார்த்தார். எனக்கு உள்ளங்கை எல்லாம் வேர்த்துக் கம்பு வழுக்கியது. அதனால்தான் துடைத்தேன். அது நிதானம் இல்லை, பயம். உன் படத்தில் நீ பயப்படவே இல்லை. பயந்தேன் என்பதால் அடித்தது இல்லை என்று ஆகாது. அதை நான் சொல்லவில்லை. நீ என்னை எடுக்கிறதென்றால் முழுசாக எடுத்திருக்க வேண்டும் என்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை உன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு அழகம்மாவின் லயத்து வீட்டுக்குப் போனேன். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. எனக்கு இதெல்லாம் பேசிப் பழக்கமில்லை. அன்னைக்கு அடிச்சது தப்பு என்று மட்டும் சொன்னேன்.

"லயத்துக்கு லயம் நூறு அடி. இங்கன வர பதினோரு வருசமாச்சா?" என்றாள்.

 "படத்துல அந்த அடியப் பாத்து நீ எந்திரிச்சுப் போனதுலருந்து எனக்குத் தூக்கமில்ல" என்று அவளிடம் சொன்னாள் உன் அண்ணி. அதற்கு அழகம்மா சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"அடி விழுந்தப்ப நா எந்திரிக்கல. வாங்குன அடிதான, பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அந்த ஆளு ஓடியாந்து கம்பப் புடிச்சான் பாருங்க, அப்பத்தான் எந்திரிச்சேன். எனக்கு யாரு ஓடியாந்தா? ஆம்பளைக அத்தன பேரும் மம்பட்டியோட வரிசையில நின்னாங்க. ஒங்க தம்பி மூணாவதா நின்னுச்சு. அது மொகத்தத்தான் நா பாத்தேன். ஒங்கள அச்சு அசலா செஞ்சு காட்டுன தம்பி, அத ஏன் காட்டல?"

 உன்னிடம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்டுவிட்டேன்.

வீரய்யா


கொட்டாஞ்சேனை
6.5.1964

அன்புள்ள அண்ணனுக்கு,

அழகம்மா அக்கா சொன்னது சரி. முதலில் செல்லசாமி, அடுத்தது மாயாண்டி, மூன்றாவது நான். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் எனக்குத் தெரியும். உங்கள் கால், உங்கள் இருமல், உங்கள் கை எல்லாம் எனக்கு மனப்பாடமானது ஏன் என்று இப்போது யோசிக்கிறேன். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக உங்களையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். போன கடிதங்களில் நான் பார்த்தேன், நான் பார்த்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். எங்கே நின்று பார்த்தேன் என்று ஒரு தடவையும் எழுதவில்லை.

உங்கள் கடிதம் வந்தபோது அடுத்த படத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். அதிலும் பெரட்டுக் காட்சி உண்டு. டைரக்டரிடம் போய், கங்காணி வேஷம் எனக்கு வேண்டாம், வரிசையில் நிற்கிற ஆட்களில் ஒருவனாகப் போடுங்கள் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அவனுக்கு வசனமே இல்லையே" என்றார்.

"தெரியும்" என்றேன்.

நேற்றுத்தான் எடுத்தார்கள். கங்காணியாக ஒரு புதுப் பையன், மீசையை முறுக்கிக்கொண்டு. எனக்கு வேலை ஒன்றுமில்லை. மண்வெட்டியோடு நிற்க வேண்டும், பக்கத்தில் ஒரு பெண் அடி வாங்க வேண்டும். முதல் தடவை எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டாம் என்றார். இரண்டாம் தடவை தலை குனிந்தேன். பிறகு பல்லைக் கடித்தேன். அதற்கும் பிறகு மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தேன். ஆறு தடவை எடுத்தார்கள். "நீங்க ஏன் என்னமோ செய்றீங்க? சும்மா நில்லுங்க, போதும்" என்று டைரக்டர் கத்திவிட்டார். என்னை எடுத்துவிட்டு வேறு ஆளை நிறுத்தினார்கள். அவன் சும்மா நின்றான். சரியாக இருந்தது.

உங்கள் வேஷத்தை ஒரே தடவையில் முடித்தவன் நான். என் வேஷம் எனக்கு வரவில்லை. அன்றைக்கு அந்த முகத்தை எப்படி வைத்துக்கொண்டு நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. பார்த்தவர் ஒருவர்தான் இருக்கிறார்.

சனிக்கிழமை ரயிலில் அட்டனுக்கு வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், பஸ்ஸில் வந்துவிடுவேன். அழகம்மா அக்கா லயத்துக்கு முதலில் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். நீங்கள் கூட வர வேண்டாம், அண்ணே. நான் தனியாகப் போக வேண்டும்.

கந்தப்பன்